ரஷ்ய மாஃபியா அமெரிக்காவில் உண்மையில் எதைத் திருடியது?

படங்களில் காட்டுகிற மாதிரி ரஷ்ய மாஃபியா அமெரிக்காவில் நிஜமாகவே இருக்கிறதா, அந்தச் சமூகத்தை அது எந்த அளவுக்குப் பாதித்திருக்கிறது, தங்கை குடும்பத்தோடு புரூக்ளினில் பிரைட்டன் பீச் பக்கம் வீடு பார்க்கிறாள், பயப்பட வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்விகள் மூன்று என்றாலும் உங்கள் மனதில் இருப்பது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். காலையில் வேலைக்குப் போய் மாலையில் வீடு திரும்பும் ஒரு சாதாரணக் குடும்பத்துக்கு இந்தக் கூட்டத்தால் என்ன கெடுதல் வரும் என்பதுதான் அது. கெடுதல் வந்தது, இன்னும் வருகிறது. ஆனால் நீங்கள் பயப்படுகிற வழியில் வரவில்லை. அமெரிக்கர்களில் பெரும்பாலோர் இந்தக் கூட்டத்தின் துப்பாக்கியைப் பார்த்ததே இல்லை. ஆனால் பெட்ரோல் போடும்போதும், காருக்குக் காப்பீடு கட்டும்போதும், ஆஸ்பத்திரி பில்லிலும் அதற்கான விலையைக் கொடுத்திருக்கிறார்கள்.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். நியூ ஜெர்சியில் காப்பீட்டு மோசடிகளைக் கண்டுபிடிக்கும் பிரிவில் பல வருடங்களாக வேலை செய்கிறேன். மருத்துவமனைகளும் கிளினிக்குகளும் அனுப்பும் பில்களைப் படிப்பதுதான் என் வேலை. நான் போலீஸ் இல்லை. கொலை, போதைப்பொருள் விவகாரங்களைப் பற்றி இங்கே சொல்வதெல்லாம் வழக்குகளில் பதிவானதைப் படித்துச் சொல்வது. பில்களைப் பற்றிச் சொல்வது மட்டும் கையால் தொட்டுப் பார்த்தது. இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

1970களில் சோவியத் யூனியன் தன் யூதக் குடிமக்கள் ஓரளவுக்கு வெளியேற அனுமதித்தது. வெளியேற விடாத நாடுகளுக்கு வர்த்தகச் சலுகை கிடையாது என்று 1974இல் அமெரிக்க நாடாளுமன்றம் ஜாக்சன்-வானிக் சட்டத்திருத்தத்தை நிறைவேற்றியதும் இதற்கு ஒரு காரணம். வந்தவர்களில் நிறையப் பேர் உக்ரைனின் ஒடெசா துறைமுகத்துக்காரர்கள். வாடகை மலிவாக இருந்த, கடலோரமாக இருந்த பிரைட்டன் பீச்சில் குடியேறினார்கள். அந்த இடத்துக்கே ‘சின்ன ஒடெசா’ என்று பெயர் வந்துவிட்டது. வந்தவர்கள் பெரும்பாலும் எஞ்சினியர்கள், ஆசிரியர்கள், கணக்கர்கள். ஆங்கிலம் தெரியாததால் டாக்ஸி ஓட்டினார்கள், கடை வைத்தார்கள், பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள். அவர்களுக்கு நடுவே சோவியத் சிறைகளைப் பார்த்துவிட்டு வந்தவர்களும் கொஞ்சம் பேர் இருந்தார்கள். சோவியத் உளவுத்துறை வேண்டுமென்றே சிறைகளைத் திறந்து குற்றவாளிகளை அனுப்பிவைத்தது என்று ஒரு கதை உண்டு. அமெரிக்க அதிகாரிகள் சிலரும் இதைச் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் நிரூபணமாகாத கதை அது. இணையத்தில் அதை உறுதியான செய்தி போல எழுதுவதைப் பார்த்தால் நம்பிவிடாதீர்கள்.

அப்படி வந்தவர்களில் எவ்சே அக்ரோன் என்பவர் 1975இல் வந்தார். பிரைட்டன் பீச்சில் முதல் பெரிய தாதா அவர்தான். மாடு விரட்டும் மின்சாரக் கோலைக் கையில் வைத்துக்கொண்டு கடைக்காரர்களை மிரட்டிப் பணம் பிடுங்கினார். அவர் மிரட்டியது அமெரிக்கர்களை அல்ல. தன்னைப் போலவே விமானத்திலிருந்து இறங்கி, பேக்கரியும் நகைக்கடையும் ஆரம்பித்தவர்களைத்தான் மிரட்டினார். அவர்கள் போலீசிடம் போகவில்லை. சோவியத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு சீருடை போட்டவனிடம் போய் உதவி கேட்பது என்பதே பழக்கமில்லாத காரியம். 1985 மே மாதம் தன் குடியிருப்பில் லிஃப்டுக்காகக் காத்திருந்தபோது அக்ரோன் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் இடத்துக்கு மராட் பலகுலா வந்தார். கதை திசை மாறுவது இங்கேதான். பலகுலா மின்சாரக் கோலை நம்பவில்லை, பெட்ரோலை நம்பினார்.

பெட்ரோல் மோசடியைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். மற்ற எல்லாவற்றுக்கும் வழிகாட்டி அதுதான். 1982இல் நியூயார்க் மாநிலம் பெட்ரோல் வரியை ஒவ்வொரு பங்க்கிலும் வசூலிப்பதை விட்டுவிட்டு, மொத்த வியாபாரிகளிடம் வசூலிப்பது என்று சட்டத்தை மாற்றியது. ஆயிரக்கணக்கான பங்க்குகளைத் துரத்துவதைவிடச் சில நூறு மொத்த வியாபாரிகளைக் கவனிப்பது சுலபம் என்று கணக்குப் போட்டார்கள். மத்திய, மாநில, உள்ளூர் வரிகள் எல்லாம் சேர்ந்து ஒரு காலனுக்குக் கிட்டத்தட்ட கால் டாலர். ஒரு காலன் என்றால் நம் கணக்கில் 3.8 லிட்டர். மோசடி இப்படி நடக்கும். எண்ணெயைச் சேமித்து லாரிகளில் ஏற்றும் முனையத்திலிருந்து எண்ணெய் கிளம்பும்போது அதைக் காகிதத்தில் முதல் நிறுவனம் வாங்கும். அது இரண்டாவதற்கு விற்கும், இரண்டாவது மூன்றாவதற்கு, மூன்றாவது நான்காவதற்கு. லாரி நேராக பங்க்குக்குப் போய்விடும். காகிதம் மட்டும்தான் நாலு கை மாறும். நடுவில் இருக்கும் ஒரு நிறுவனம் ‘வரி கட்டியாயிற்று’ என்று பில்லில் முத்திரை குத்திக் கொடுக்கும். அந்த நிறுவனத்துக்குச் சொந்தமாக ஒரு தபால் பெட்டி, ஒரு தொலைபேசி எண், அவ்வளவுதான். உரிமையாளர் என்று கையெழுத்துப் போட்டவர் சில நூறு டாலருக்கு ஆசைப்பட்ட யாரோ ஒரு அப்பாவிக் குடியேறி. வரி அதிகாரி பில்களைக் கோர்த்துக்கொண்டு வந்து சேர்வதற்குள் அந்த நிறுவனம் இருக்காது, அந்த ஆளும் இருக்க மாட்டார்.

இதை ரஷ்யர்கள் கண்டுபிடித்தார்கள் என்று எழுதுகிறார்கள், சரியில்லை. லாங் ஐலண்டில் லாரன்ஸ் இயோரிஸோ என்ற அமெரிக்கரும், கொலம்போ என்ற இத்தாலிய மாஃபியாக் குடும்பத்தைச் சேர்ந்த மைக்கேல் ஃபிரான்சீஸும் இந்த வேலையைப் பெரிய அளவில் செய்தவர்கள். குடியேறிகள் அவர்களோடு கூட்டுச் சேர்ந்தார்கள், பிறகு தனியாகவும் செய்தார்கள். தனியாகச் செய்தபோதும் இத்தாலியக் குடும்பங்களுக்கு காலனுக்கு இத்தனை சென்ட் என்று கப்பம் கட்டினார்கள். மத்திய அரசுக்கு மட்டும் வருடத்துக்கு 100 கோடி டாலர் அளவுக்கு எரிபொருள் வரி இழப்பு என்று அதிகாரிகள் மதிப்பிட்டார்கள். அந்தப் பணம் சாலை போடுவதற்கும் பாலம் பழுதுபார்ப்பதற்கும் ஒதுக்கியது. இதைவிட எனக்கு வருத்தமான விஷயம், ஒழுங்காக வரி கட்டிய பங்க்காரர்களின் நிலை. எதிர்ப்பக்கத்து பங்க் வரி கட்டாத எண்ணெயைப் பல சென்ட் குறைத்து விற்கும்போது நியாயமாக வியாபாரம் செய்தவர் என்ன செய்வார்? ஒன்று, அதே எண்ணெயைத் தானும் வாங்க வேண்டும். இல்லையென்றால் கடையை மூட வேண்டும். ஒரு மோசடிக் கூட்டம் பக்கத்தில் இருப்பவனையும் மோசடிக்காரனாக்கும் விதம் இது. எந்தப் புள்ளிவிவரத்திலும் இந்தப் பாதிப்பு ஏறாது.

இந்தக் கதை எப்படி முடிந்தது என்பதையும் சொல்ல வேண்டும். எஃப்.பி.ஐ. கைது செய்தது, வழக்குகள் நடந்தன. பலகுலாவே கடன் அட்டை மோசடியில் தண்டனை பெற்று நாட்டை விட்டு ஓடி, 1989இல் ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட்டில் பிடிபட்டார். பெட்ரோல் வரி வழக்கில் தனியாகவும் தண்டனை கிடைத்தது. ஆனால் மோசடியின் முதுகை உடைத்தது கைதுகள் அல்ல. வரியை வசூலிக்கும் இடத்தை எண்ணெய் முனையத்தின் வாசலுக்கே கொண்டுபோனார்கள். வரியில்லாமல் விற்கும் டீசலுக்கு 1994இலிருந்து சிவப்புச் சாயம் கலந்தார்கள், நம் ஊர் ரேஷன் மண்ணெண்ணெய்க்கு நீலச் சாயம் கலக்கிற மாதிரி. சாலையில் லாரியை நிறுத்தி டாங்கில் குழாயை விட்டுப் பார்த்தால் போதும், திருட்டு தெரிந்துவிடும். அந்த ஒரே வருடத்தில் டீசல் வரி வசூல் 100 கோடி டாலருக்கு மேல் கூடியது. என் தொழிலில் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பது இந்த வழக்கைத்தான். ஆளைப் பிடித்தால் அடுத்த ஆள் வருவான், ஓட்டையை அடைத்தால்தான் நிற்கும்.

பெட்ரோலில் வழி அடைபட்டதும் அனுபவம் மிக்க ஆட்கள் நகர்ந்த இடங்களில் முக்கியமானது மருத்துவம். உண்மையில் அங்கே ஏற்கெனவே ஆட்கள் இருந்தார்கள். 1980களின் கடைசியில் தெற்கு கலிஃபோர்னியாவில் சோவியத்திலிருந்து வந்த ஸ்முஷ்கெவிச் சகோதரர்கள் நடமாடும் பரிசோதனைக் கூடங்களை நடத்தினார்கள். இலவச உடல் பரிசோதனை என்று போன் போட்டு ஆட்களைக் கூப்பிடுவார்கள். வந்தவரிடம் காப்பீட்டு விவரத்தை எழுதி வாங்கிக்கொண்டு, தேவையில்லாத சோதனைகளை எல்லாம் செய்ததாக நிறுவனத்துக்கு பில் போடுவார்கள். போட்ட பில்களின் மொத்தத் தொகை 100 கோடி டாலர் என்று அரசுத் தரப்பு சொன்னது. மூத்தவருக்கு 1994இல் 21 வருடச் சிறை. இதில் வெளியே தெரியாத ஒரு கொடுமை உண்டு. பில்லில் இதய நோய் என்று எழுதினால்தான் அந்தச் சோதனைக்குப் பணம் வரும் என்பதற்காக, ஆரோக்கியமான ஆளின் பதிவில் இல்லாத நோயை எழுதிவிடுவார்கள். பின்னால் அந்த ஆள் வேறு காப்பீடு எடுக்கப் போகும்போது அது அவர் காலை வாரும்.

நியூயார்க்கில் இந்தத் தொழில் வாகன விபத்துக் காப்பீட்டைப் பிடித்துக்கொண்டு வளர்ந்தது. அங்கே விபத்தில் யார் மேல் தப்பு என்று பார்க்காமல் காரில் இருந்த ஒவ்வொருவருக்கும் 50,000 டாலர் வரை மருத்துவச் செலவைக் காப்பீட்டு நிறுவனம் கொடுக்க வேண்டும். பில் வந்து 30 நாளுக்குள் பணம் கொடுக்கவோ மறுக்கவோ வேண்டும். அடிபட்டவர் வழக்குப் போட்டு அலையக் கூடாது என்ற நல்ல எண்ணத்தில் வந்த சட்டம். கிளினிக்கை மருத்துவர்தான் சொந்தமாக நடத்தலாம் என்றும் சட்டம் இருக்கிறது. அதனால் வயதான அல்லது பணக்கஷ்டத்தில் இருக்கும் ஒரு மருத்துவரைப் பிடித்து அவர் பெயரில் கிளினிக் திறப்பார்கள். பெயர்ப்பலகையில் அவர், கல்லாப்பெட்டியில் வேறு ஆள். தரகர்கள் விபத்தில் சிக்கியவர்களைக் கூட்டி வருவார்கள். போதவில்லை என்றால் விபத்தையே ஏற்பாடு செய்வார்கள். நாலு பேர் ஏறிய பழைய கார், மெதுவாக ஒரு இடி, பம்பரில் ஒரு கீறல், நாலு பேருக்கும் கழுத்து வலி.

அப்படி ஒரு கிளினிக்கின் கோப்புகளை மேசையில் வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒரு மணி நேரத்தில் புரிந்துவிடும். இருபத்துநாலு வயது இளைஞனுக்கும் அறுபது தாண்டிய பெண்மணிக்கும் கழுத்து ஒரே கோணத்தில்தான் திரும்பும். மருத்துவரின் குறிப்பு வார்த்தைக்கு வார்த்தை ஒன்றாக இருக்கும். சில இடங்களில் ஆணின் கோப்பில் பெண்ணுக்கு எழுதுவது போலவே வாக்கியம் நிற்கும், மாற்ற மறந்திருப்பார்கள். இயன்முறை சிகிச்சை, அக்குபங்சர், மனநலப் பரிசோதனை, எம்.ஆர்.ஐ., கழுத்துப்பட்டை, இடுப்புப்பட்டை, சூடு கொடுக்கும் விளக்கு என்று எல்லோருக்கும் ஒரே வரிசையில் எழுதியிருப்பார்கள். நோய் குணமாகி யாரும் பாதியில் நிற்பதில்லை, யாருக்கும் மோசமாவதும் இல்லை. ஐம்பதாயிரம் டாலர் தீரும் வாரத்தில் எல்லோருக்கும் ஒன்றாகக் குணமாகும். 2012 பிப்ரவரியில் நியூயார்க்கில் மத்திய அரசு வழக்கறிஞராக இருந்த பிரீத் பராரா 36 பேர் மீது போட்ட வழக்கு அதுவரை இந்த வகையில் மிகப் பெரியது. போட்ட பில் 27.9 கோடி டாலர் என்று குற்றச்சாட்டு. 36 பேரில் 10 பேர் மருத்துவர்கள். வழக்கின் மையம் பிரைட்டன் பீச் வட்டாரத்தைச் சேர்ந்த ரஷ்ய மொழி பேசும் கூட்டம்.

அதற்கு இரண்டு வருடம் முன்னால், 2010 அக்டோபரில், மிர்ஸோயன்-தெர்ட்ஜானியன் கூட்டம் என்று அழைக்கப்பட்ட ஆர்மீனியக் கும்பல் மீதான வழக்கில் இன்னும் ஒரு படி மேலே போயிருந்தார்கள். அங்கே கிளினிக்கே கிடையாது. மருத்துவர்களின் அடையாளத்தையும் நோயாளிகளின் அடையாளத்தையும் திருடி, 25 மாநிலங்களில் குறைந்தது 118 பொய்க் கிளினிக்குகளைக் காகிதத்தில் மட்டும் உருவாக்கி, முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேரிடம் பணம் கேட்டார்கள். காது-மூக்கு-தொண்டை மருத்துவர் கர்ப்பிணிகளுக்கு ஸ்கேன் எடுத்ததாக பில் வந்தது. தோல் மருத்துவர் இதயத்தைப் பரிசோதித்ததாக பில் வந்தது. அதற்கும் பணம் போனது. அன்றைக்கு முறை அப்படித்தான் இருந்தது. முதலில் கொடு, பிறகு துரத்து. 2011 ஜூலையில்தான் மெடிகேர், பணம் கொடுப்பதற்கு முன்பே பில்களைக் கணினியால் சலித்துப் பார்க்கும் ஏற்பாட்டைத் தொடங்கியது. இன்றைக்கு என் வேலையில் பாதி அதே வகையான சல்லடைகளோடுதான். சல்லடையில் நல்ல பில்களும் மாட்டும் என்பதை நான் ஒளிக்க விரும்பவில்லை. நிஜமாகவே விபத்தில் முதுகு உடைந்தவர் இன்றைக்குக் கூடுதல் காகிதம் கொடுக்க வேண்டியிருக்கிறது, கூடுதல் வாரம் காத்திருக்க வேண்டியிருக்கிறது, சிலருக்கு நியாயமான பணமே மறுக்கப்படுகிறது. மோசடி சமூகத்துக்கு என்ன செய்தது என்று கேட்டால் திருடு போன தொகையைவிட இதைத்தான் நான் முதலில் சொல்வேன். நோயாளியை நம்பிக் கொடுத்த ஒரு ஏற்பாடு, நோயாளியைச் சந்தேகத்தோடு பார்க்கும் ஏற்பாடாக மாறிவிட்டது.

இப்போது தாதா கதைகளுக்கு வருவோம், நீங்கள் முக்கியமாகக் கேட்டது அதைத்தானே. ரஷ்யச் சிறை உலகில் தங்களுக்கென்று சட்டதிட்டம் வைத்துக்கொண்ட மூத்த திருடர்கள் உண்டு. அவர்களை ‘வோர்’ என்பார்கள். வியாசெஸ்லாவ் இவான்கோவ் அப்படி ஒருவர். 1992இல் அமெரிக்கா வந்தார். அமெரிக்காவில் உள்ள ரஷ்ய மாஃபியா முழுவதையும் ஆள வந்தவர் என்று பத்திரிகைகள் எழுதின. 1995 ஜூனில் எஃப்.பி.ஐ. அவரைப் பிடித்தது. நீதிமன்றத்தில் நிரூபணமானது, இரண்டு ரஷ்யத் தொழிலதிபர்களை மிரட்டி 35 லட்சம் டாலர் பறிக்கப் பார்த்தார் என்பது. 1997இல் ஒன்பதரை வருடத்துக்குச் சற்று மேல் சிறைத்தண்டனை. 2004இல் ரஷ்யாவுக்கு அனுப்பிவைத்தார்கள். 2009இல் மாஸ்கோவில் சுடப்பட்டு இறந்தார். அமெரிக்கா முழுவதும் அவர் பிடியில் இருந்தது என்பதற்கு நீதிமன்றப் பதிவில் ஆதாரம் இல்லை. ஜேம்ஸ் ஃபின்கெனாவர், எலின் வாரிங் என்ற குற்றவியல் ஆய்வாளர்கள் 1990களில் நியூயார்க், நியூ ஜெர்சி, பென்சில்வேனியா வழக்குகளைப் பார்த்துவிட்டு, இத்தாலிய மாஃபியா மாதிரி தலைவன், துணைத்தலைவன், சிப்பாய் என்ற அடுக்கு இங்கே இல்லை, ஒரு மோசடிக்காகச் சேர்ந்து முடிந்ததும் பிரிந்துபோகும் வலைகள்தான் அதிகம் என்றார்கள். என் மேசைக்கு வந்த கோப்புகளும் அதையேதான் சொல்கின்றன. வலையாக இருப்பது நல்ல செய்தி என்று நினைக்காதீர்கள். தலையை வெட்டினால் சாய்வதற்கு அங்கே தலையே இல்லை.

அடுத்தது வங்கி. 1999இல் பாங்க் ஆஃப் நியூயார்க் வழியாக ரஷ்யாவிலிருந்து சுமார் 700 கோடி டாலர் கடந்துபோனது வெளியே வந்தபோது, மாஃபியா பணம் என்று உலகம் முழுக்கத் தலைப்புச் செய்தி. வங்கியின் ஒரு பெண் அதிகாரியும் அவர் கணவரும் 2000 பிப்ரவரியில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். ஆனால் அந்தப் பணத்தில் பெரும்பகுதி வரியும் சுங்கமும் கட்டாமல் தப்பிக்க நினைத்த ரஷ்ய வியாபாரிகளின் பணம் என்றுதான் விசாரணையில் தெரிந்தது. குற்றக் கும்பலின் பணமும் அதே ஓடையில் கலந்திருந்தது. எவ்வளவு என்பதைப் பிரித்துச் சொல்லும் எண் எதையும் நம்ப வேண்டாம். இதில் அமெரிக்காவின் பங்கும் உண்டு. அதே 2000இல் நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகம் பார்த்தபோது, ரஷ்யத் தரகர்களுக்காக ஒரே ஆள் டெலாவேர் மாநிலத்தில் 2,000க்கும் மேற்பட்ட நிறுவனங்களைப் பதிவு செய்துகொடுத்தது தெரியவந்தது. உண்மையான உரிமையாளர் யார் என்று மாநிலம் கேட்கவில்லை, கேட்க வேண்டும் என்று சட்டமும் இல்லை. அவர் மேல் வழக்கும் இல்லை. உரிமையாளர் பெயரைச் சொல்லியே ஆக வேண்டும் என்ற மத்திய சட்டம் வருவதற்கு 2021 ஆனது. 2025 மார்ச்சில் உள்நாட்டு நிறுவனங்களுக்கு அந்தக் கட்டாயத்தையும் விலக்கிவிட்டார்கள். பெட்ரோலில் அடைத்த ஓட்டையைப் பணத்தில் அடைக்க அமெரிக்காவுக்கு இன்னும் மனம் வரவில்லை. எனக்கு இதில் நிஜமான கோபம் உண்டு.

2000களுக்குப் பிறகு பாதிப்பின் முகம் மாறிவிட்டது. திருடுவதற்கு அமெரிக்காவுக்கு வர வேண்டிய அவசியமே இல்லாமல் போனது. ரோமன் செலஸ்னெவ் என்பவர், ரஷ்ய நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவரின் மகன். சின்னச் சின்ன உணவகங்களின் கல்லா இயந்திரங்களுக்குள் கணினி வழியாகப் புகுந்து லட்சக்கணக்கான அட்டை எண்களைத் திருடினார். இழப்பு 16.9 கோடி டாலர். சியாட்டில் பகுதியில் பீட்சாக் கடைகள் வரை அடி வாங்கின. 2014இல் மாலத்தீவில் பிடித்து, 2017இல் 27 வருடம் தண்டனை கொடுத்தார்கள். 2024 ஆகஸ்டில் கைதிகள் பரிமாற்றத்தில் ரஷ்யாவுக்குத் திருப்பி அனுப்பினார்கள். அட்டை எண் திருடிய ஒருவர் இரண்டு நாடுகளின் பேரத்தில் ஒரு காயாகிவிட்டார்.

2021 மே மாதம் டார்க்சைட் என்ற ரஷ்ய மொழிக் கும்பல் கொலோனியல் பைப்லைன் நிறுவனத்தின் கணினிகளைப் பூட்டியது. கிழக்குக் கரையின் எரிபொருளில் 45 சதவீதம் அந்தக் குழாயில் போகிறது. சில நாள் நின்றதற்கே தென்கிழக்கு மாநிலங்களில் பங்க்குகளில் நீண்ட வரிசை, பல இடங்களில் ஸ்டாக் இல்லை. நிறுவனம் சுமார் 44 லட்சம் டாலர் பணயத் தொகை கட்டியது, அரசு ஒரு பகுதியைத் திரும்பப் பிடித்தது. என் துறையை உலுக்கியது 2024 பிப்ரவரியில் நடந்த சேஞ்ச் ஹெல்த்கேர் தாக்குதல். நாட்டின் மருத்துவ பில்களில் பெரும் பங்கு அந்த நிறுவனம் வழியாகத்தான் போகும். பிளாக்கேட் என்ற ரஷ்ய மொழிக் கும்பலோடு சேர்ந்தவர்கள், இரட்டைச் சரிபார்ப்பு இல்லாத ஒரு நுழைவாயில் வழியாக உள்ளே புகுந்தார்கள். 2.2 கோடி டாலர் கட்டியும் தரவு பத்திரமாகவில்லை. சுமார் 19 கோடி பேரின் விவரம் போனது. பல வாரங்கள் பில்களே நகரவில்லை. மருந்துக் கடைகளில் காப்பீட்டைச் சரிபார்க்க முடியாமல் ஆட்கள் முழு விலை கொடுத்து மாத்திரை வாங்கினார்கள், சின்ன கிளினிக்குகள் சம்பளம் போடக் கடன் வாங்கின. பிரைட்டன் பீச்சின் பெயரையே கேள்விப்படாத அயோவா விவசாயிக்கும் இது வலித்தது.

பழைய வகை ஆட்கள் ஒழிந்துவிட்டார்கள் என்றும் சொல்ல முடியாது. ராஸ்தென் ஷுலாயா என்ற ஜார்ஜிய வோர் 2017இல் பிடிபட்டார். குற்றப்பத்திரிகையில் சூதாட்ட இயந்திரங்களை ஏமாற்றும் திட்டமும் இருந்தது, நாலரை டன் சாக்லேட் திருடியதும் இருந்தது. 45 வருடம் தண்டனை. இதைவிடக் கவலைப்பட வேண்டிய வழக்கு ஈரானியப் பத்திரிகையாளர் மசீஹ் அலினெஜாத் மீதான கொலை முயற்சி. ஈரான் அரசின் ஆட்கள் 5 லட்சம் டாலர் பேசி ரஷ்ய மாஃபியாவின் ஒரு பிரிவைக் கூலிக்குப் பிடித்தார்கள். 2022 ஜூலையில் அவருடைய புரூக்ளின் வீட்டருகே சுற்றிக்கொண்டிருந்த ஆள், நிறுத்தப் பலகையில் காரை நிறுத்தாமல் போனதற்காகப் போலீஸ் மடக்கியபோது துப்பாக்கியோடு சிக்கினார். ஏற்பாடு செய்த இருவருக்கு 2025இல் தலா 25 வருடம். அரசுகள் தங்கள் அழுக்கு வேலையைக் கும்பல்களிடம் கொடுக்கின்றன என்பதற்கு நீதிமன்றத்தில் நிரூபணமான உதாரணம் இது.

இத்தனைக்கும் நடுவே மறந்துபோகிற ஒரு தரப்பு, அந்தச் சமூகத்து ஜனங்கள். ரஷ்யர் என்று மொத்தமாகச் சொல்கிறோமே தவிர, மேலே வந்த பெயர்களில் உக்ரைனியர், ஜார்ஜியர், ஆர்மீனியர் எல்லோரும் உண்டு. அவர்களைப் போலவே லட்சக்கணக்கானோர் மருத்துவர்களாக, செவிலியர்களாக, புரோகிராமர்களாக உழைத்து வாழ்கிறார்கள். 2012 வழக்குக்குப் பிறகு அந்த வட்டாரத்தில் நேர்மையாகத் தொழில் செய்யும் கிளினிக்குகளின் பில்களும் கூடுதலாக அலசப்படுகின்றன. அஞ்சல் குறியீட்டைப் பார்த்ததும் புருவத்தை உயர்த்தும் பழக்கம் என் துறையில் இருக்கிறது. அது நியாயமில்லை என்று கூட்டங்களில் சொல்லி வருகிறேன். முதலில் மிரட்டப்பட்டவர்களும் அவர்கள்தான், பிறகு சந்தேகிக்கப்பட்டவர்களும் அவர்கள்தான்.

சரி, உங்கள் தங்கைக்கு வருகிறேன். பிரைட்டன் பீச்சில் குடியேறலாம். அக்ரோன் காலத்துத் தெரு இல்லை அது. இன்றைக்கு உஸ்பெக்குகளும் பாகிஸ்தானியரும்கூட அங்கே நிறைய இருக்கிறார்கள். மேலே ரயில் ஓட, கீழே காய்கறிக் கடைகளும் பேக்கரிகளுமாக ஜனநடமாட்டம் உள்ள இடம். நியூயார்க்கின் மற்ற பகுதிகளில் இருக்கும் ஜாக்கிரதை போதும். ஆனால் வேறு சில விஷயங்களில் அவர் கவனமாக இருக்க வேண்டும், இது எந்த ஊரில் குடியேறினாலும் பொருந்தும். சின்ன விபத்து நடந்த மறுநாளே முன்பின் தெரியாதவர் போன் செய்து, எங்கள் கிளினிக்குக்கு வாருங்கள், வழக்கறிஞரும் இருக்கிறார், செலவே இல்லை என்றால் போக வேண்டாம். சிகிச்சை முடியும் முன்பே வெற்றுத் தாள்களில் கையெழுத்துக் கேட்டால் போட வேண்டாம். இலவசப் பரிசோதனை என்று காப்பீட்டு எண்ணைக் கேட்டால் கொடுக்க வேண்டாம். உங்கள் பெயரில் ஒரு நிறுவனம் தொடங்கினால் மாதம் ஆயிரம் டாலர் என்று யாராவது சொன்னால், பெட்ரோல் மோசடியில் கையெழுத்துப் போட்டவர்களிடம் சொன்னதும் அதேதான்.

இன்னொன்று. மருத்துவரிடம் போய்வந்த சில வாரங்களில் காப்பீட்டு நிறுவனத்திலிருந்து, இன்னின்ன சிகிச்சைக்கு இவ்வளவு கொடுத்தோம் என்று ஒரு தபால் வரும். ‘இது பில் அல்ல’ என்று மேலேயே போட்டிருப்பதால் எல்லோரும் பிரிக்காமல் குப்பையில் போட்டுவிடுகிறார்கள். அதைப் பிரித்துப் படிக்கச் சொல்லுங்கள். போகாத தேதி, செய்யாத சோதனை, பார்க்காத மருத்துவர் பெயர் ஏதாவது இருந்தால் அதில் உள்ள எண்ணுக்கு ஒரு போன் போடச் சொல்லுங்கள். அப்படி ஒரு நோயாளி போன் செய்து, நான் அந்த கிளினிக்குக்குப் போனதே இல்லையே என்று சொன்னதிலிருந்து தொடங்கிய விசாரணைகள் என் பிரிவில் நிறைய உண்டு.